மெடிக்கல்ல "ஒரு செட் மாத்திரை" கேக்குறதை விட்டுட்டு இப்படிக் கேளுங்க

நான் மெடிக்கல் ஷாப் கவுன்டருக்கு உள்பக்கம் நிக்கிற ஆள், பார்மசிஸ்ட். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வர்ற கூட்டத்துல பாதிப் பேர் கைல டாக்டர் சீட்டு இருக்காது. "அண்ணே உடம்பு வலி, தலை பாரம், லேசா சளி, ரெண்டு வேளைக்கு ஒரு செட் போட்டுக் குடுங்க", அவ்ளோதான் கேப்பாங்க. அந்த செட்ல என்ன இருக்கும்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. நான் சொல்றேன் கேளுங்க. ஒரு பாரசிட்டமால், ஒரு வலி மாத்திரை (டைக்ளோஃபெனாக் இல்ல அசிக்ளோஃபெனாக்), சளிக்கு ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை, வயிறு எரியாம இருக்க ஒரு கேஸ் மாத்திரை. சில கடைல இதோட கடுகளவு வெள்ளையா ஒண்ணு சேரும், அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. எல்லாத்தையும் அட்டைல இருந்து கத்தரிச்சு, சில இடத்துல உரிச்சே, ஒரு காகிதக் கவர்ல போட்டு மடிச்சுக் குடுப்பாங்க. பேரும் இருக்காது எக்ஸ்பைரியும் இருக்காது. மறுநாள் காலைல ஆள் சுறுசுறுப்பா எழுந்து வேலைக்குப் போயிடுவார், "அந்தக் கடை மாத்திரை ஒரே வேளைல கேக்கும்"னு தெருவுக்கே சொல்லுவார். ஒரே வேளைல கேட்டதுக்கு அந்த ஸ்டீராய்டு காரணமா இருக்கலாம். அது நோயைக் குணமாக்கல, உடம்பு போடுற கூச்சலை அமுக்கிடுச்சு. சர்க்கரை இருக்கவங்களுக்கு அது சுகரை ஏத்தும், உள்ள இருக்க இன்ஃபெக்‌ஷனை மறைக்கும், அடிக்கடி போட்டா எலும்பு வரைக்கும் கெடுக்கும்.

நம்ம நாட்டுல "இதெல்லாம் சீட்டு இல்லாம வாங்கலாம்"னு சட்டத்துல தெளிவா ஒரு தனி லிஸ்ட் போட்டு வைக்கல. 1945 மருந்து விதிகள்ல ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ்னு லிஸ்ட் இருக்கு, அதுல வர்ற மருந்துக்கு டாக்டர் சீட்டு வேணும், மிச்சமெல்லாம் சும்மா கேட்டு வாங்கலாம்னு அர்த்தம். அட்டைல இடது பக்கம் மேல ஆர்எக்ஸ்னு ஒரு குறி இருந்தா அது சீட்டு மருந்து. டைக்ளோஃபெனாக்கும் நீங்க தினம் மிட்டாய் மாதிரி போடுற பேன்டோபிரசோல்ங்கிற கேஸ் மாத்திரையும் கூட அந்த லிஸ்ட்ல தான் வருது. சட்டம் அப்படி இருந்தாலும் நடைமுறைல எல்லாமே கேட்டா கெடைக்குது. கெடைக்குதுங்கிறதாலேயே அது பாதுகாப்பான மருந்துன்னு நெனைச்சுக்காதீங்க, அமெரிக்கா லண்டன்ல ஷெல்ஃப்ல இருந்து எடுத்துட்டு வர்ற மருந்துக்குக் கூட உள்ள என்ன இருக்கு, எத்தனை போடலாம், யார் போடக் கூடாதுன்னு டப்பாவுலயே பெருசா எழுதியிருக்கும், இங்க நம்ம கத்தரிச்ச அட்டைல ஒண்ணும் இருக்காது. அதனால படிக்கிற வேலை உங்க தலைல தான்.

மொதல்ல அட்டையைப் படிக்கக் கத்துக்கோங்க, இது ஒண்ணு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. பெரிய எழுத்துல இருக்கிறது கம்பெனி வச்ச பேர், அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கிறது தான் மருந்து. டோலோ, கால்பால், க்ரோசின் மூணுக்கும் கீழ பாத்தா பாரசிட்டமால்னு தான் இருக்கும். "க்ரோசின் எனக்குக் கேக்காது, டோலோ தான் கேக்கும்"னு சொல்றவங்க நெறைய பேர் 500 மில்லிகிராமையும் 650 மில்லிகிராமையும் கம்பேர் பண்றாங்க, வேற ஒண்ணுமில்ல. பொடி எழுத்து படிக்க முடியலைன்னா போன் கேமராவுல ஜூம் பண்ணுங்க, அதுவும் வரலைன்னா கடைல இருக்கவங்ககிட்ட "இதுல உள்ள என்னென்ன இருக்கு"ன்னு கேளுங்க, பதில் சொல்றது எங்க வேலை. அதிகமா விக்கிற 300 பிராண்டுக்கு 2023 ஆகஸ்ட்ல இருந்து க்யூஆர் கோடு கட்டாயம், ஸ்கேன் பண்ணா மருந்துப் பேர், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி எல்லாம் வரும்.

இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, பாரசிட்டமால் எதுல எதுல ஒளிஞ்சிருக்குன்னு பாருங்க. ஒருத்தருக்கு காய்ச்சல், டோலோ 650 மூணு வேளை போடுறார், அது 1950 மில்லிகிராம். மூக்கு ஒழுகுதுன்னு சினாரெஸ்ட் ரெண்டு, அதுல ஒண்ணுக்கு 500, ஆக 1000. உடம்பு வலி தாங்கலைன்னு காம்பிஃப்ளாம் ரெண்டு, அதுல ஒண்ணுக்கு 325, ஆக 650. கூட்டிப் பாருங்க, 3600. அவர் கணக்குப்படி காய்ச்சலுக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணு, மூணும் வேற வேற மாத்திரை. அவர் லிவர் கணக்குப்படி எல்லாம் ஒரே மருந்து. ஆரோக்கியமான பெரியவங்களுக்கு 24 மணி நேரத்துக்கு உச்ச வரம்பே 4000 தான், டாக்டர் பாக்காம நாமளா போடும்போது 3000-க்குள்ள நிறுத்திக்கிறது நல்லது, 50 கிலோவுக்குக் கீழ இருக்கவங்க, தினம் குடிக்கிறவங்க, லிவர் பிரச்னை உள்ளவங்களுக்கு அதுவும் ஜாஸ்தி, அவங்க டாக்டரைக் கேட்டுட்டுப் போடணும். ஒரு மாத்திரைக்கும் அடுத்ததுக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்க, அவசரம்னா நாலு மணி நேரத்துக்குக் கொறையவே கூடாது.

இன்னொண்ணு, பாரசிட்டமால் அளவு மீறுனா உடனே ஒண்ணும் தெரியாது. மொத நாள் லேசா குமட்டல், சிலருக்கு அதுவும் இருக்காது, ஆள் நல்லாத்தான் இருப்பார், ரெண்டு மூணு நாள் கழிச்சு தான் கண்ணு மஞ்சளாகி லிவர் அடிபட்டது தெரியும். மாத்து மருந்து இருக்கு, அசிட்டைல்சிஸ்டைன்னு பேர், ஆனா அது எட்டு மணி நேரத்துக்குள்ள போனா தான் நல்லா வேலை செய்யும். வீட்ல யாராவது, முக்கியமா குழந்தைங்க, ஒரே நேரத்துல நெறைய முழுங்கிட்டாங்கன்னு தெரிஞ்சா "நல்லாத்தானே இருக்கான்"னு உக்காந்திருக்காதீங்க, 108-க்குப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, காலி அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

சரி, காய்ச்சல். நம்ம பக்கம் அக்டோபர் மழை ஆரம்பிச்சா டெங்குவும் ஆரம்பிக்கும். அதனால மழை சீசன்ல என்ன காய்ச்சல்னு தெரியாத வரைக்கும் பாரசிட்டமால் மட்டும் தான், வேற எதுவும் வேணாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், மெஃபனமிக் ஆசிட் எதுவுமே வேணாம், ஏன்னா டெங்குல ஏற்கனவே தட்டணு (பிளேட்லெட்) எறங்கும், இந்த மாத்திரைங்க ரத்தக் கசிவை இன்னும் கூட்டும். காம்பிஃப்ளாம்ல ஐபுப்ரோஃபென் இருக்கு, ஜீரோடால் பி-ல அசிக்ளோஃபெனாக் இருக்கு, மெஃப்டால்ல மெஃபனமிக் ஆசிட் இருக்கு. குழந்தைக்குக் காய்ச்சல் எறங்கலைன்னு பக்கத்து வீட்டு அக்கா குடுத்த மெஃப்டால் சிரப்பை ஊத்துறவங்க ரொம்ப பேர், அது மழைக்காலத்துல கண்டிப்பா வேணாம். அதே மெஃபனமிக் ஆசிட்டுக்கு 2023 கடைசில மருந்துத் தரம் பாக்குற மத்திய அரசு அமைப்பு, இந்திய ஃபார்மகோபியா கமிஷன், தனியா ஒரு எச்சரிக்கையே விட்டாங்க, சிலருக்கு உடம்பு பூரா தடிப்பு, காய்ச்சல், உள்ளுறுப்பு பாதிப்புன்னு கடுமையான அலர்ஜி வருதுன்னு. நிமிசுலைடு 12 வயசுக்குக் கீழ குடுக்கவே கூடாதுன்னு 2011-லயே தடை. இதெல்லாம் தெரியாம "ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டா ஸ்ட்ராங்கா தான் கெடைக்கும்.

காய்ச்சல் மூணு நாளைத் தாண்டுனா ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. டெங்குல காய்ச்சல் எறங்குனதும் தான் ஆபத்தான நேரமே ஆரம்பிக்குது, இது நெறைய பேருக்குத் தெரியாது, "காய்ச்சல் விட்டுடுச்சு"ன்னு நிம்மதியா இருக்கும்போது வயிறு கடுமையா வலிக்கும், வாந்தி நிக்காது, ஈறுல ரத்தம் வரும், ஆள் சோர்ந்து சோர்ந்து படுப்பாங்க. இதுல எது தெரிஞ்சாலும் மெடிக்கலுக்கு வராதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

வலி மாத்திரை பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா எங்க கடைல அதிகமா தப்பா போறது இது தான். முழங்கால் வலி, இடுப்பு வலின்னு பெரியவங்க பேரனை அனுப்பி "அந்த செவப்பு மாத்திரை பத்து வாங்கிட்டு வாடா"ன்னு மாசா மாசம் வாங்குறாங்க. அவங்களுக்கு பிபி இருக்கும், டெல்மிசார்டனோ லோசார்டனோ எனலாப்ரிலோ ஓடிட்டு இருக்கும், கால் வீக்கத்துக்கு நீர் பிரியுற மாத்திரையும் சேர்ந்திருக்கும். பிபி மாத்திரை, நீர் மாத்திரை, அது மேல வலி மாத்திரை, இந்த மூணும் சேர்ந்தா கிட்னிக்குப் போற ரத்தமே கொறையும். வெயில் காலத்துல தண்ணி கம்மியா குடிச்சா, இல்ல வயித்தால போயிட்டு இருந்தா இன்னும் மோசம். வலி நிக்கும், ஒரு நாள் கிரியாட்டினின்ங்கிற கிட்னி டெஸ்ட் பாத்தா தான் கிட்னி அடிபட்டது தெரியும். அதனால பிபி, கிட்னி, இதயம், அல்சர், ஆஸ்துமா இதுல எது இருந்தாலும், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போட்டாலும், வலி மாத்திரையை நீங்களா வாங்காதீங்க. கர்ப்பமா இருந்தா, முக்கியமா அஞ்சு மாசத்துக்கு மேல, அந்தப் பக்கமே போகாதீங்க. மத்தவங்க போட்டாலும் சாப்பாட்டுக்குப் பின்னாடி, கொறஞ்ச டோஸ், மூணு நாலு நாளுக்கு மேல வேணாம். ரெண்டு வித வலி மாத்திரையைச் சேத்துப் போடாதீங்க, புரூஃபெனும் (ஐபுப்ரோஃபென்) வோவரானும் (டைக்ளோஃபெனாக்) பேர் தான் வேற, வயித்தையும் கிட்னியையும் பண்றது ஒண்ணு தான். வலி ஒரே எடத்துல, முழங்கால்ல, கைமூட்டுல மட்டும்னா மேல தடவுற டைக்ளோஃபெனாக் ஜெல் நல்லாவே வேலை செய்யுது, உள்ள போற அளவு ரொம்பக் கம்மி, என்னைக் கேட்டா பெரியவங்களுக்கு மொத சாய்ஸ் அதான். மலம் தார் மாதிரி கருப்பா போனா, காபித்தூள் மாதிரி வாந்தி வந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், அன்னைக்கே ஆஸ்பத்திரி.

குழந்தைங்க மருந்துல தான் எனக்கு நிஜமாவே பயம். பாரசிட்டமால் சிரப்னு ஒண்ணு இல்ல, மூணு இருக்கு. ஒரு வகைல 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொண்ணுல 5 மில்லிக்கு 250, கைக்குழந்தைக்கான டிராப்ஸ்ல ஒரே மில்லிக்கு 100. குழந்தைக்கு ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10-ல இருந்து 15 மில்லிகிராம், இதுதான் கணக்கு, வயசு கணக்கு இல்ல. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம்னு வைங்க, மொத பாட்டில்ல அது 5 மில்லி, ரெண்டாவதுல ரெண்டரை மில்லி கூட வராது, டிராப்ஸ்ல 1.2 மில்லி தான். "போன தடவை அஞ்சு மில்லி குடுத்தோமே"ன்னு டிராப்ஸ்ல அஞ்சு மில்லி ஊத்துனா 500 மில்லிகிராம் உள்ள போயிடும், ஒரு பெரிய ஆள் மாத்திரை அது. அதனால பாட்டில் மாறுனா கணக்கும் மாறும், ஒவ்வொரு தடவையும் லேபிளைப் பாருங்க, கடைல எடை சொல்லி "இந்த பாட்டில்ல எத்தனை மில்லி"ன்னு கேட்டு பாட்டில் மேலயே பேனாவுல எழுதி வாங்கிக்கோங்க. வீட்டு ஸ்பூன்ல அளக்காதீங்க, ஒரு வீட்டு ஸ்பூன் மூணு மில்லி பிடிக்கும் இன்னொண்ணு ஏழு பிடிக்கும். மூடியோட வர்ற அளவு கப் இல்லைன்னா ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒண்ணு வாங்கிக்கோங்க, அஞ்சு ரூபா பத்து ரூபா தான். நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க, இல்லைன்னா மருந்து அடில தங்கி மொதல்ல தண்ணியும் கடைசில கெட்டி மருந்துமா போகும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேணாம். மூணு மாசம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல்னா சிரப்பைத் தொடவே வேணாம், டாக்டர்கிட்ட ஓடுங்க. ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் வேணாம்.

இருமல் சிரப். 2025 செப்டம்பர் அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவுல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும், நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான கோல்ட்ரிஃப்ங்கிற சிரப்பைக் குடிச்ச குழந்தைங்க கிட்னி செயலிழந்து 20-க்கும் மேல இறந்து போச்சுங்க. அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷ ரசாயனம் 48 சதவீதத்துக்கு மேல இருந்ததா தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை டெஸ்ட்ல வந்துச்சு, அனுமதிச்ச வரம்பு 0.1 சதவீதம். இதுல பெத்தவங்க மேல தப்பே இல்ல, பாட்டிலைப் பாத்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா அப்போ மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் சொன்ன இன்னொண்ணைக் கவனிங்க: ரெண்டு வயசுக்குக் கீழ இருமல் சளி மருந்தே எழுதக் கூடாது, அஞ்சு வயசுக்குக் கீழ பொதுவா தேவையில்ல. அதுக்கு முன்னாடியே 2023 டிசம்பர்ல குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. காரணம் சிம்பிள், சாதாரண சளி இருமல் தானா போயிடும், சிரப் அதை வேகப்படுத்துறதா பெரிசா ஆதாரம் இல்ல, தூங்க வைக்கும் அவ்ளோதான். ஒரு வயசு தாண்டுன குழந்தைக்கு தேன் அரை ஸ்பூன், வெதுவெதுப்பா தண்ணி, மூக்குக்கு வெறும் உப்புத்தண்ணி டிராப்ஸ், இது போதும். ஒரு வயசுக்குள்ள தேன் கூடாது. ரெண்டு வயசுக்குக் கீழ தைலம், கற்பூரம் போட்ட பாம் எதையும் மூக்குப் பக்கம் தடவாதீங்க. நெஞ்சு உள்ள இழுத்து இழுத்து மூச்சு விட்டா, பால் குடிக்க மறுத்தா அது சிரப் விஷயமே இல்ல, டாக்டர் விஷயம்.

பெரியவங்க சளி மாத்திரைக்கு வருவோம். மூக்கடைப்பு எடுக்கும்னு அதுல ஃபினைலெஃப்ரின் போட்டிருப்பாங்க, மாத்திரையா உள்ள போனா அது மூக்குக்கு ஒண்ணும் செய்யலைன்னு 2023-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட ஆலோசனைக் குழுவே ஒருமனதா சொல்லிடுச்சு, அடுத்த வருஷம் அதை சீட்டு இல்லாம விக்கிற மருந்து லிஸ்ட்ல இருந்தே எடுக்கலாம்னு எஃப்டிஏ முன்மொழிஞ்சுது. மூக்குக்கு உதவாத ஒண்ணுக்கு பிபி ஏறுற ரிஸ்க்கை எதுக்கு எடுக்கணும், அதனால பிபி இருக்கவங்க எப்பவுமே தவிர்த்துடுங்க. ஒழுகுற மூக்குக்கு வெறும் செட்ரிசின் போதும், ராத்திரி போடுங்க. தூக்கம் வரும், அவில், குளோர்ஃபெனிரமின் எல்லாம் இன்னும் ஜாஸ்தி தூக்கம், போட்டுட்டு பைக் எடுக்காதீங்க, லாரி ஆட்டோ ஓட்டுறவங்க கடைல அதைச் சொல்லிட்டு வாங்குங்க. வயசான ஆம்பளைங்களுக்கு, புராஸ்டேட் வீக்கம் இருந்தா, இந்தப் பழைய அலர்ஜி மாத்திரைல ஒண்ணுக்குப் போறதே அடைச்சுக்கும். மூக்குல விடுற ஓட்ரிவின் மாதிரி டிராப்ஸ் சூப்பரா வேலை செய்யும், ஆனா அஞ்சு நாளுக்கு மேல போனா மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிச்சுடும், அதுக்கு மறுபடி டிராப்ஸ், இப்படி வருஷக்கணக்கா பாக்கெட்ல பாட்டிலோட திரியிறவங்களை எனக்குத் தெரியும். ஆவி பிடிங்க, ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க.

அடுத்து கேஸ். நம்ம ஊர்ல நெஞ்சுல எது வந்தாலும் கேஸ் தான். நெஞ்சு கனக்குது, வேர்க்குது, எடது கை இல்ல தாடை வலிக்குது, படி ஏறுனா ஜாஸ்தியாகுதுன்னு வந்து நின்னுட்டு "ஒரு ஈனோ குடுங்க, ஒரு சோடா குடிச்சா ஏப்பம் வந்துடும்"ங்கிறாங்க. நான் குடுக்க மாட்டேன், ஈசிஜி எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிடுவேன், சண்டை கூடப் போடுவாங்க, போடட்டும். நாப்பது தாண்டுனவங்க, சுகர் பிபி இருக்கவங்க, பீடி சிகரெட் குடிக்கிறவங்க இந்த மாதிரி வலியை கேஸ்னு முடிவு பண்ணாதீங்க, சுகர் இருக்கவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் வலியே இல்லாம வெறும் மூச்சுத் திணறலும் அசதியுமா கூட ஹார்ட் அட்டாக் வரும்.

நெஜமாவே சாப்பாட்டு எரிச்சல்னா எப்பவாவது ஒரு ஜெலுசில், டைஜீன் ஓகே. ஆனா அது மத்த மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும், இரும்புச் சத்து மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக் எல்லாம் ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க, தைராய்டு மாத்திரைன்னா நாலு மணி நேரம். ஈனோல சோடியம் நெறைய, பிபி, கிட்னி, ஹார்ட் பிரச்னை இருந்தா வேணாம். பேன் 40 (பேன்டோபிரசோல்) வகையறா காலைல வெறும் வயித்துல, சாப்பிட அரை மணி நேரம் முன்னாடி போட்டா தான் வேலை செய்யும், வயிறு எரியும்போது சாப்பிட்டு முடிச்சுப் போட்டா பாதி வேஸ்ட். ரெண்டு வாரத்துக்கு மேல தேவைப்படுதுன்னா ஏன் எரியுதுன்னு பாக்கணும், வருஷக்கணக்கா போட்டா பி12, மெக்னீசியம் எல்லாம் கொறையும். எடை காரணமே இல்லாம கொறஞ்சா, முழுங்கும்போது அடைச்சா, அது மாத்திரையால மூடி வைக்கிற விஷயம் இல்ல.

வயித்தால போனா மொதல்ல ஓஆர்எஸ், மாத்திரை அப்புறம். பாக்கெட்ல உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாருங்க. பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி, சின்னதுக்கு 200 மில்லி, முழு பாக்கெட்டையும் ஒரே தடவை கலக்கணும், கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் கலக்குனா உப்பு அளவு மாறிடும், கலந்ததை 24 மணி நேரத்துல கொட்டிடுங்க. அட்டை டப்பாவுல ஜூஸ் மாதிரி விக்கிறது வேற, அதுல சர்க்கரை ஜாஸ்தி, வயித்துப்போக்கைக் கூட்டும், அந்த மாதிரி பானத்துக்கு ஓஆர்எஸ்னு பேரே போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டாச்சு, பழைய ஸ்டாக் எங்கயாவது இருக்கும், ஏமாறாதீங்க. ராத்திரி கடை மூடிட்டான்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணில தலை தட்டுன டீஸ்பூன்ல ஆறு சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைக்கு இதோட துத்தநாக சிரப் 14 நாள், டாக்டர் அளவு சொல்லுவார். உடனே நிக்கணும்னு லோபிரமைடு கேப்பீங்க, பஸ் பயணத்துக்கு பெரியவங்க ஒண்ணு ரெண்டு போடலாம், காய்ச்சலோ மலத்துல ரத்தமோ இருந்தா கூடாது, குழந்தைக்குக் கூடவே கூடாது. நார்ஃப்ளாக்ஸ் டிசட்டைப் பழக்கத்துல கேக்குறாங்க, அது ஆன்டிபயாட்டிக், பெரும்பாலான வயித்துப்போக்குக்கு அது தேவையே படாது. தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் மூணு நாள் கோர்ஸும் அதே கதை தான், அட்டைல செங்குத்தா செவப்புக் கோடு இருந்தா சீட்டு இல்லாம வாங்காதீங்க.

படர்தாமரைக்கு கேக்குற க்ரீம் பத்தியும் ஒரு வார்த்தை. "மூணு வேலை செய்யும் க்ரீம்"னு வர்றதுல பூஞ்சை மருந்தோட க்ளோபிடசால் மாதிரி கடுமையான ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்திருக்கும். தடவுன மறுநாளே அரிப்பு போகும், பூஞ்சை போகாது, உள்ள பரவும், விட்டதும் முன்னைவிடப் பெருசா வரும். தொடை இடுக்குல தோல் வரி வரியா கிழிஞ்சு போறது இதால தான். முகம் வெளுக்க இதையே தடவுற பொண்ணுங்களுக்கு செவந்து, முடி முளைச்சு, பரு வந்து விட முடியாத நெலமை ஆகுது. 2018-லயே ஸ்டீராய்டு க்ரீமுக்கு சீட்டு கட்டாயம்னு சட்டம் வந்தாச்சு. வெறும் க்ளோட்ரிமசோல் க்ரீம் மட்டும் கேட்டு வாங்கி, தடிப்பைத் தாண்டி ரெண்டு விரக்கடை சேர்த்து, ரெண்டு மூணு வாரம் தடவுங்க, துணியை வெயில்ல காயப் போடுங்க, போகலைன்னா தோல் டாக்டர்.

ரெண்டே மாத்திரை வேணும்னா கத்தரிச்சு வாங்குறது தப்பில்ல, ஆனா எக்ஸ்பைரி அட்டையோட ஒரு ஓரத்துல தான் அச்சடிச்சிருப்பாங்க, அந்த ஓரம் கடைல தங்கிடும். கத்தரிக்கிறதுக்கு முன்னாடி "அட்டையைக் காட்டுங்க"ன்னு கேட்டுப் பாருங்க, போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, இல்ல பில் கேளுங்க, அதுல பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் வரும். எக்ஸ்பைரி ஜூன்னு போட்டிருந்தா ஜூன் கடைசி நாள் வரைக்கும் செல்லும். கண் டிராப்ஸ் திறந்தா ஒரு மாசம் தான், பாட்டில்ல திறந்த தேதியை எழுதுங்க. கண் செவந்தா பழைய டிராப்ஸை எடுத்து விடாதீங்க, அதுல ஸ்டீராய்டு இருந்தா கண்ணே போகும். மருந்து டப்பாவை ஃபிரிட்ஜ் மேல, கேஸ் அடுப்புப் பக்கம், கார் டேஷ்போர்டுல வைக்காதீங்க, நம்ம சித்திரை வெயிலுக்கு அதெல்லாம் அடுப்பு தான். குழந்தை கைக்கு எட்டாத எடத்துல பூட்டி வைங்க.

காசு விஷயம் கேக்குறீங்கன்னா, ஒரே மருந்து கம்பெனி பேர் இல்லாம கம்மி விலைக்கு மக்கள் மருந்தகத்துலயும், 2025 பிப்ரவரில திறந்த முதல்வர் மருந்தகத்துலயும் கெடைக்குது. பொடி எழுத்துல இருக்க பேரும் மில்லிகிராமும் ஒண்ணா இருந்தா தைரியமா வாங்கலாம். எங்க கடை வியாபாரம் போகும், பரவால்ல.

கடைசியா கவுன்டர்ல எப்படிக் கேக்கணும்னா, மாத்திரை பேரை மட்டும் சொல்லாம, யாருக்கு, என்ன வயசு, எத்தனை நாளா, வேற என்ன மாத்திரை ஓடுது, எதுக்காவது அலர்ஜி இருக்கா, கர்ப்பமா பால் குடுக்குறவங்களா, இதைச் சொல்லுங்க. சித்த மருந்து, லேகியம், நிலவேம்புக் கஷாயம் எடுத்தாலும் சொல்லுங்க. பேரனை அனுப்புனா ஒரு பேப்பர்ல எழுதி அனுப்புங்க. மாத்திரை போட்டதும் உடம்பு தடிச்சா நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க, உதடு வீங்குனா, மூச்சு முட்டுனா 108. பக்க விளைவு எதுவா இருந்தாலும் 1800-180-3024 இலவச நம்பர்ல நீங்களே சொல்லலாம், டாக்டர் தான் சொல்லணும்னு இல்ல, மருந்துப் பேரும் பேட்ச் நம்பரும் கேப்பாங்க, அதுக்காகவாவது அட்டையைத் தூக்கிப் போடாதீங்க.